அழகான மூவ்மென்ட் டெக் வேலைக்கு ஆகுமா? பிளாட்ஃபார்ம் ஃபைட்டர் பழகும் புதியவர்களுக்கு

"ஏனுங்ணா, இந்த டெக்கைக் கத்துக்கிட்டா வேலைக்கு ஆகுமுங்களா?" கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் ஸ்மாஷ், பிரால்ஹாலா, ரைவல்ஸ் என்று ஏதாவது ஒரு பிளாட்ஃபார்ம் ஃபைட்டர் (எதிராளியை அடித்து மேடைக்கு வெளியே தள்ளும் வீடியோ கேம்) ஆடுகிற கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. டெக் என்பது ஆட்டத்தின் சாதாரண அசைவுகளைச் சேர்த்துச் செய்யும் நுணுக்கமான கை வித்தை. கேட்பவர் கையில் ஒரு வீடியோ இருக்கும். அதில் ஒரு கேரக்டர் முன்பக்கம் பார்த்தபடியே பின்னால் வழுக்கும், இல்லாவிட்டால் மேடை விளிம்பிலிருந்து கண் இமைப்பதற்குள் ஏறி நிற்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கை பழக ஒரு மாதம் பிடிக்கும். அந்த மாதத்தைச் செலவழிக்கலாமா என்று முதல் சில நாட்களிலேயே முடிவு செய்ய முடியும். அதற்கான வழிதான் இந்தக் கட்டுரை.

ஓடவும், குதிக்கவும், இரண்டு மூன்று அடிகளைத் தொடர்ந்து அடிக்கவும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அதுவும் வரவில்லை என்றால் எந்த டெக்கும் வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் சும்மா ஆடுங்கள்.

முதலில் ஃபிரேம் கணக்கு

இந்த ஆட்டங்கள் வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்களாக, ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய 16.7 மில்லி வினாடி. திரையில் ஒன்றைப் பார்த்துவிட்டு விரலை அசைக்க நமக்கு 200 முதல் 250 மில்லி வினாடி ஆகும், அதாவது 12 முதல் 15 ஃபிரேம். என்ன வரும் என்று தெரியாமல் காத்திருந்தால் இன்னும் கூடும். இந்த ஒரு எண்ணை மனதில் வையுங்கள். ஒரு அசைவு முழுவதும் 12 ஃபிரேமுக்குள் முடிந்துவிட்டால், எதிராளி அதைப் பார்த்துவிட்டுத் தண்டிக்க முடியாது, முன்கூட்டி ஊகித்தால்தான் உண்டு. 30 ஃபிரேம் இழுக்கும் அசைவு என்றால் பார்த்துவிட்டே அடிப்பான்.

படி 1: பெயரை விடுங்கள், வேலையைச் சொல்லுங்கள்

டெக்குக்கு யாரோ வைத்த பந்தாவான பெயர் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, அது செய்யும் வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அப்புறம் அதே வேலையைச் சாதாரணமாகச் செய்ய என்ன வழி இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

2001-இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலேயின் வேவ்டேஷையே எடுத்துக்கொள்வோம். குதித்த உடனே தரையை நோக்கிச் சாய்வாக ஏர் டாட்ஜ் (வானில் அடிக்குத் தப்பும் அசைவு) செய்தால் கேரக்டர் நின்ற வாக்கில் வழுக்கும். "வேகமாக நகரலாம்" என்று எழுதினால் தப்பு. பல கேரக்டர்களுக்கு ஓட்டமே அதைவிட வேகம். சரியான வாக்கியம் இது: "முகம் திரும்பாமல், எந்தத் தரை அடியையும் அடிக்கத் தயாரான நிலையில் இடம் மாறலாம்." மெலேயில் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லா அடியையும் அடிக்க முடியாது. அதனால் இந்த வேலைக்குச் சாதாரண மாற்று என்று பார்த்தால் நடை மட்டும்தான் இருக்கிறது, அது மெதுவானது. இருபது வருடத்துக்கு மேலாகியும் வேவ்டேஷ் நிலைத்து நிற்பதற்கு இதுதான் காரணம், அதன் வேகம் அல்ல.

இன்னொரு பக்கம் மூன்வாக். மெலேயில் கேப்டன் ஃபால்கன் என்ற கேரக்டர் முன்னே ஓடுவதுபோல் காலை வைத்து, பின்னால் நழுவுவார். கூட்டம் கைதட்டும். ஆனால் வேலையை எழுதிப் பார்த்தால் "முகம் திரும்பாமல் பின்னால் போவது" என்றுதான் வரும். அதில் பெரும்பகுதியைப் பின்பக்க வேவ்டேஷே செய்துவிடுகிறது. விளிம்பைப் பிடிக்கப் போகும்போது போன்ற சில இடங்களில்தான் மூன்வாக்குக்கு என்று தனி மதிப்பு மிஞ்சும். வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த இடத்துக்காகக் கற்கிறோம் என்று தெரிந்து கற்றால் போதும்.

படி 2: அளந்து பாருங்கள்

எத்தனை ஃபிரேமில் தொடங்குகிறது, எத்தனை ஃபிரேம் நகர்கிறது, முடிந்த பிறகு எத்தனை ஃபிரேம் கை கட்டி நிற்கிறோம், எவ்வளவு தூரம் போகிறோம் என்ற நான்கும் தெரிந்தாக வேண்டும். மெலே வேவ்டேஷில் தரையிறங்கியதும் எல்லோருக்கும் 10 ஃபிரேம் தடை உண்டு. அதற்கு முன் குதிக்கக் குனிகிற நேரம் கேரக்டருக்குக் கேரக்டர் மாறும். ஃபாக்ஸுக்கு 3 ஃபிரேம், மார்த்துக்கு 4, பவ்ஸருக்கு 8. தூரமும் அப்படித்தான். கால் பிடிப்பு குறைவான லுய்ஜி மேடையின் பெரும்பகுதியை வழுக்கிக் கடப்பார். பீச் ஒரு அடி நகர்ந்தால் பெரிது. ஒரே டெக், ஒரே பொத்தான்கள், ஆனால் லுய்ஜிக்கு அது ஆட்டத்தின் முதுகெலும்பு, பீச்சுக்கு அவ்வப்போது உதவும் சின்ன விஷயம். "இந்த டெக் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. "என் கேரக்டருக்கு நல்லதா?" என்று கேளுங்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. திரையை 60 ஃபிரேமில் பதிவு செய்து, வி.எல்.சி. பிளேயரில் திறந்து, கீபோர்டில் 'ஈ' விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். 30-இல் பதிவு செய்துவிட்டு எண்ணாதீர்கள், பாதி ஃபிரேம் காணாமல் போயிருக்கும். மெலே ஆடுகிறவர்கள் அங்கிள்பஞ்ச் பயிற்சி மோடைப் போட்டுக்கொண்டால், வேவ்டேஷ், லெட்ஜ்டேஷ் (விளிம்பிலிருந்து வழுக்கி ஏறுவது, படி 4-இல் வரும்) ஒவ்வொன்றிலும் எத்தனை ஃபிரேம் தவறினீர்கள் என்று அதுவே சொல்லும்.

அளக்கும் முன் டிவியைக் கவனியுங்கள். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பெரிய டிவியில் கேம் மோட் போடாமல் ஆடினால், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையில் பல ஃபிரேம் போய்விடும். மெலே ஆடுகிற உலகம் முழுக்கப் பழைய டியூப் டிவியைத் தேடி அலைகிறது, அதில் தாமதம் இல்லாததால். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி உங்கள் அப்புச்சி வீட்டு அட்டாலியில் இன்னும் கிடக்கலாம். மெலே ஓடும் பழைய கேம்கியூப் கன்சோல் வைத்திருக்கிறவர்கள் ஒருமுறை இறக்கித் துடைத்துப் பாருங்கள்.

படி 3: கை எவ்வளவு சரியாக வருகிறது?

பயிற்சி அறையில் சூடேறிய பிறகு இருபதுக்குப் பத்தொன்பது வரும். அந்த எண்ணை நம்பாதீர்கள். சோதனையை இப்படி வையுங்கள். ஆட உட்கார்ந்ததும், கை சூடேறும் முன், வலப்பக்கம் இருபது, இடப்பக்கம் இருபது செய்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் கேடயம் பிடித்த நிலையிலிருந்து இருபது, அடி வாங்கி விழுந்து எழுந்தவுடன் இருபது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் நன்றாக வரும், மறு பக்கம் சொதப்பும். குறைவாக வந்த எண்தான் உங்கள் உண்மையான எண், மேட்ச் அங்கேதான் உங்களைத் தள்ளும்.

ஒரே ஃபிரேம் ஜன்னல் (பொத்தானை அழுத்தக் கிடைக்கும் நேரம்) கொண்ட டெக்குகளை இந்தக் கட்டத்திலேயே பலர் கைவிடுவார்கள். கைவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெலேயில் கேடயப் பொத்தானைத் தட்டிச் செய்யும் எல்-கேன்சலுக்குத் தரை தொடும் முன் 7 ஃபிரேம் ஜன்னல் இருக்கிறது, வான் அடியின் தரையிறங்கும் தடையைப் பாதியாகக் குறைக்கிறது. அது முழுசாகக் கைக்கு வராமல் ஒற்றை ஃபிரேம் வித்தைக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை.

படி 4: தவறினால் என்ன செலவு?

இந்தப் படியில்தான் முடிவு இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். திருப்பூரில் பனியன் ஆர்டர் எடுக்கிறவர் நூல், சாயம், கூலி எல்லாம் போக, கட்டிங்கில் வீணாகும் துணியையும் சேர்த்துத்தான் ஒரு பீஸின் விலையைச் சொல்வார். டெக் கற்கிறவர்கள் அந்த வீணாகும் துணியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மெலே லெட்ஜ்டேஷைப் பாருங்கள். விளிம்பிலிருந்து கையை விட்டு, இரண்டாவது குதியைப் போட்டு, மேடை மேல் ஏர் டாட்ஜ் செய்து வழுக்கி ஏறுவது. சரியாகச் செய்தால் விளிம்பைப் பிடித்ததால் கிடைத்த அடிபடாத நேரத்தில் கொஞ்சம் மேடையிலும் மிஞ்சும். அந்த நேரத்தில் நீங்கள் அடிக்கலாம், உங்களை அடிக்க முடியாது. நல்ல லாபம். தவறினால்? மெலேயில் ஏர் டாட்ஜ் செய்தபின் எதுவும் செய்ய முடியாமல் விழுவீர்கள். மேடைக்குக் கீழே செய்துவிட்டால் ஒரு உயிர் போச்சு.

இதை எண்ணில் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் டெக் சரியாக வந்தால் சராசரியாக 20 சதவீத டேமேஜ் அளவுக்கு நன்மை, தவறினால் 40 அளவுக்கு நஷ்டம் என்று வையுங்கள். மூன்றில் இரண்டு முறை சரியாக வந்தால் வரவும் செலவும் சமம். "எனக்கு நாலில் மூணு வருது, அப்ப லாபம்தானே?" என்று இங்கே நிறுத்திவிடுவார்கள். அது போதாது. டெக் செய்யாமல் சாதாரண வழியில் போயிருந்தாலே ஏதோ ஒரு நன்மை கிடைத்திருக்கும் அல்லவா? அது 10 என்று வைத்தால், டெக் அந்தப் பத்தையும் தாண்ட வேண்டும். கணக்குப் போட்டால் ஆறில் ஐந்து முறை, அதாவது ஏறக்குறைய 83 சதவீதம் சரியாக வந்தால்தான் சமம். நாலில் மூணு என்பது 75. சமத்துக்குக்கூட வரவில்லை. படி 1-இல் சாதாரண வழியைப் பக்கத்தில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

தவறினால் உயிரே போகும் என்றால் எண் இன்னும் ஏறும். நன்மை 25, போகும் உயிரின் மதிப்பு 100 என்றால், சாதாரண வழியைக் கணக்கில் சேர்க்காமலே ஐந்தில் நான்கு முறை சரியாக வர வேண்டும். கடைசி உயிரில், எதிராளி முன்னணியில் இருக்கும்போது லெட்ஜ்டேஷ் செய்வதும், மூன்று உயிர் மிச்சம் வைத்துக்கொண்டு செய்வதும் ஒன்றல்ல.

எல்லாத் தவறும் உயிரை எடுக்காது, ஆனால் ஏதாவது ஒன்றை எடுக்கும். பிரால்ஹாலாவில் கிராவிட்டி கேன்சல் இருக்கிறது. வானில் நின்ற இடத்திலேயே டாட்ஜ் செய்து, அந்த நொடியில் தரையில் அடிக்கும் அடியை வானிலேயே அடிப்பது. அதற்கு விலை உங்கள் டாட்ஜ். அது திரும்பி வரும் வரை எதிராளி உங்களைத் துரத்தினால் தப்பிக்க வழி குறைவு. ஆகவே கிராவிட்டி கேன்சலை அடி படும் என்று உறுதியாகத் தெரியும்போது பயன்படுத்துவது ஒன்று, பட்டால் படட்டும் என்று வீசுவது வேறொன்று. என்னைக் கேட்டால், போனில் பிரால்ஹாலா ஆடுகிறவர்கள் முதலில் டேஷ் போட்டவுடன் குதிக்கும் டேஷ் ஜம்பைப் பழகட்டும். தவறினாலும் பெரிதாக ஒன்றும் போகாது, எல்லா மேட்சிலும் பயன்படும்.

சேமஸின் சூப்பர் வேவ்டேஷைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைக் காட்டித்தான் கேட்கிறார்கள். மெலேயில் சேமஸ் தரையில் குண்டை வைக்கச் சுருளும்போது, குறிப்பிட்ட ஒரு ஃபிரேமில் கன்ட்ரோலர் குச்சியை ஒரு பக்கமும் அடுத்த ஃபிரேமிலேயே மறு பக்கமும் தள்ளினால், மேடையின் குறுக்கே அம்பு மாதிரி பாய்வார். பாயும் வேகத்துக்கு ஈடே இல்லை. ஆனால் பாய்வதற்கு முன் அரை வினாடிக்கும் மேல் சுருண்டு உட்கார வேண்டும். எதிராளி பார்த்துவிட்டு நிதானமாக அடிக்கப் போதுமான நேரம். தவறினால் குண்டை வைத்துவிட்டு நிற்கிற சேமஸ்தான் மிச்சம். எதிராளி தூரத்தில் இருக்கும்போது, அவன் எதிர்பாராத நேரத்தில், அதுவும் இரண்டு ஒற்றை ஃபிரேம் இன்புட் சரியாக வந்தால் மட்டும் பலன். புதியவர்களுக்கு என் பதில் வேண்டாம்.

படி 5: அந்தச் சந்தர்ப்பம் எத்தனை முறை வருகிறது?

உங்கள் பழைய ரீப்ளேக்களில் பத்தை எடுத்து, இந்த டெக் பயன்பட்டிருக்கும் இடங்களை மட்டும் கோடு போட்டு எண்ணுங்கள். பத்து மேட்சிலும் சேர்த்து ஒன்றிரண்டுதான் என்றால் தள்ளிப் போடுங்கள். மேடையையும் பாருங்கள். மேலே பிளாட்ஃபார்ம் இருந்தால்தான் வேலை செய்யும் டெக், ஃபைனல் டெஸ்டினேஷன் மாதிரி வெறும் மேடையில் செத்துப்போகும்.

படி 6: எதிராளியிடம் சொல்லிவிட்டு ஆடுங்கள்

நம் பக்கத்தில் ஆடுகிறவர்கள் குறைவு. ஹாஸ்டலில் நாலு பேர், இல்லையென்றால் காந்திபுரத்தில் ஒரு நண்பன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கூடும் ஐந்தாறு பேர். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. புது டெக்கைக் கொண்டுவந்தால் முதல் வாரம் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், அதனால் அது பலமான டெக் என்று தோன்றும். உண்மையில் அவர்களுக்குப் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான். சென்னைக்கோ பெங்களூருக்கோ ஆடப் போனால் அங்கே ஒருவர் முதல் மேட்சிலேயே அதை உடைத்துவிடுவார்.

அதனால் சோதிக்கும் நாளில் மறைக்காதீர்கள். "மச்சான், நான் இன்னைக்கு விளிம்புல இருந்து இப்படித்தான் ஏறப் போறேன், இந்த இடத்துல அடிச்சா நான் மாட்டுவேன்" என்று எதிராளிக்கே பாடம் எடுத்துவிட்டு ஆடுங்கள். அப்போதும் அது வேலை செய்தால் நல்ல டெக். வேலை செய்யாவிட்டால் அது ஒருமுறை காட்டும் வித்தை. ஒருமுறை வித்தைக்கும் மதிப்பு உண்டு, கடைசி மேட்சுக்கு ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு மாதம் கொடுக்க வேண்டியதில்லை.

இணையத்தில் சோதித்தால் இன்னொரு மயக்கம் வரும். 2020 ஜூனில் ஸ்லிப்பி என்ற மென்பொருளில் இந்த வசதி வந்த பிறகு மெலேயை ரோல்பேக் முறையில் ஆட முடிகிறது. எதிராளியின் இன்புட் வந்து சேரத் தாமதமானால், ஆட்டம் தானாக ஊகித்து ஓடிவிட்டுப் பிறகு திருத்தும். அதனால் திடீரென்று தொடங்கும் அசைவின் முதல் சில ஃபிரேம்கள் எதிராளியின் திரையில் தெரியாமலே போகலாம், நீங்கள் அங்கிருந்து இங்கே தாவியது மாதிரித்தான் அவனுக்கு இருக்கும். நெட் மோசமாக இருக்கும் இரவில் வேலை செய்த டெக்கை, பக்கத்தில் உட்கார்ந்து ஆடும்போது மறுபடி சோதியுங்கள். ஹாஸ்டல் வைஃபையில் கிடைத்த வெற்றியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

படி 7: பெரிய ஆட்டக்காரர்களின் முழு செட்டைப் பாருங்கள்

தொகுப்பு வீடியோ வேண்டாம். அதில் வெற்றி மட்டும்தான் இருக்கும், தவறியதெல்லாம் வெட்டப்பட்டிருக்கும். உங்கள் கேரக்டரை ஆடும் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரின் வெட்டாத செட்டுகள் (அதே இருவர் தொடர்ந்து ஆடும் மேட்சுகள்) சிலவற்றைப் பார்த்து, அந்த டெக்கை எங்கே செய்கிறார், எங்கே செய்ய வாய்ப்பிருந்தும் செய்யாமல் விடுகிறார் என்று குறியுங்கள். விட்ட இடங்கள்தான் அதிகம் கற்றுத்தரும்.

பெரியவர்கள் யாருமே செய்யவில்லை என்றால் அது பயனற்றது என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். மெலேயின் யோஷி பல வருடங்கள் கடைநிலை கேரக்டராகவே எண்ணப்பட்டது. இரண்டாவது குதியைப் பாதியில் அடியால் நிறுத்தும் அதன் இரட்டைக் குதி கேன்சலும், கேடயம் எடுக்கும் கணத்தில் அடியை வாங்கும் பாரியும் மனிதக் கைக்கு ஆகாத காரியம் என்றார்கள். ஜப்பானிய ஆட்டக்காரர் ஆம்ஸா வருடக்கணக்கில் அதையே பிடித்துக்கொண்டு ஆடி, 2022 அக்டோபரில் தி பிக் ஹவுஸ் 10 போட்டியை யோஷியோடு வென்றார். ஒன்றைக் கவனியுங்கள். அந்த டெக்குகள் யோஷியின் அன்றாட ஆட்டத்தில், ஒவ்வொரு மேட்சிலும் பலமுறை பயன்படுகிறவை. படி 5-இல் தேறியவை. கடினம் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு அவர் உதாரணம். கடினமான எல்லாமே ஒருநாள் பலிக்கும் என்பதற்கு அல்ல.

படி 8: எந்த ஆட்டம், எந்தப் பதிப்பு?

பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் விஷயம் மாறும். ஸ்மாஷ் வரிசையில் 2008-இல் வந்த பிரால் பதிப்பில் (பிரால்ஹாலா வேறு ஆட்டம்) மெலே பாணி வேவ்டேஷே கிடையாது. போதாக்குறைக்கு ஓடத் தொடங்கும்போது சும்மாவே தடுக்கி விழும் வாய்ப்பு வேறு வைத்திருந்தார்கள். அதே வரிசையில் 2018-இல் வந்த அல்டிமேட்டில் திசை பார்த்து ஏர் டாட்ஜ் செய்வது திரும்பி வந்தது, குதிக்கக் குனிகிற நேரமும் எல்லோருக்கும் 3 ஃபிரேம்தான், ஆனால் தரையிறங்கும் தடை அதிகம் என்பதால் வேவ்டேஷ் சோம்பலாக இருக்கும். ரைவல்ஸ் ஆஃப் ஈதரில் வேவ்டேஷை ஆட்டம் செய்தவர்களே வேண்டுமென்று வைத்திருக்கிறார்கள். ஆனால் முதல் பாகத்தில் விளிம்பைப் பிடித்துத் தொங்குவதே இல்லை, லெட்ஜ்டேஷுக்கு அங்கே வேலை கிடையாது. 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் விளிம்பு வந்துவிட்டது. மெலே இனி மாறப் போவதில்லை. பிரால்ஹாலாவும் ரைவல்ஸ் 2-ம் அவ்வப்போது பேட்ச் (ஆட்டத்தை மாற்றும் அப்டேட்) வாங்கும், ஆகவே வீடியோ எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்துவிட்டுப் பழகத் தொடங்குங்கள்.

முடிவு எடுப்பது

இவ்வளவையும் ஒரு நோட்டில் அரைப் பக்கத்துக்குள் எழுதிவிடலாம். அப்புறம் டெக்கை மூன்று குவியலில் ஒன்றில் போடுங்கள்: இப்போதே பழக வேண்டியவை, பிறகு பார்க்கலாம் என்பவை, அடையாளம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவை. முதல் குவியலில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டாவதை மாதம் ஒருமுறை புரட்டுங்கள், கை தேறத் தேற படி 3-இன் எண் மாறும், அதோடு படி 4-இன் கணக்கும் மாறும்.

பழகும்போது கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ வலி வந்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். ஒரே இன்புட்டை மணிக்கணக்கில் தட்டுவது மேட்ச் ஆடுவதைவிடக் கையைக் கெடுக்கும். பதினைந்து நிமிடம் பயிற்சி, பிறகு மேட்ச், திரும்பவும் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது குவியலைத்தான் பலரும் மறந்துவிடுவார்கள். நீங்கள் செய்யப் போவதில்லை என்றாலும் எதிரே ஒருவர் செய்வார். அந்த டெக் ஒவ்வொன்றுக்கும் தொடக்க அசைவு எப்படித் தெரியும், எந்த ஃபிரேம் முதல் எந்த ஃபிரேம் வரை அவரை அடிக்கலாம், உங்கள் கேரக்டரின் எந்த அடி அங்கே எட்டும் என்று மூன்றை மட்டும் எழுதி வையுங்கள். சேமஸ் குண்டை வைத்துச் சுருண்டால் தூரத்தில் நிற்காமல் அருகே போய் அடியுங்கள், பாய்வதற்கு முன்பே அவருக்கு அடி விழும்.